வாயை மூடிக்கொண்டு யோசிக்கச் சொன்னார்கள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் போன் செய்தார். "பசங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது குடுங்க மேடம். இன்டர்வியூல திரும்பத் திரும்பக் கேக்கறாங்களே அல்காரிதம், அதுல முக்கியமானது பத்துப் பதினஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாரா போதும்" என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஓய்வு பெற்று, இந்த மராட்டிய ஊரில் ஔந்துப் பக்கம் வீட்டோடு இருக்கிறவளுக்கு நாலு பக்கம் எழுதுவது கஷ்டமா என்ன?

பைனரி சர்ச்சில் ஆரம்பித்தேன். வரிசையாக அடுக்கிய எண்களில் ஒன்றைத் தேட வேண்டுமானால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்காதே. நடுவில் பார். தேடுவது நடு எண்ணைவிடப் பெரியதென்றால் இடது பாதியை விட்டுவிடு. சிறியதென்றால் வலது பாதியை விட்டுவிடு. இந்த வரியை எழுதி முடித்ததும், என்னிடம் வேலை பார்த்த தமயந்தியின் குரல் காதில் கேட்டது. பேனாவை வைத்துவிட்டேன். வந்த கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

ஆகவே செயலாளர் கேட்ட கட்டுரை இது இல்லை. அவர் கேட்டது இணையத்தில் எங்கே தொட்டாலும் கிடைக்கும்.

நான் இதே ஊரில், போபோடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குக் கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. பூர்வீகம் ஆற்காடு பக்கம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மராட்டியும் இந்தியும், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்தேன், கம்ப்யூட்டர் டிப்ளமா ஒன்று வாங்கினேன், கார் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

அந்தக் கம்பெனியில் எனக்கு மேலதிகாரி கானிட்கர் சார். வெயில் காலத்திலும் கையில்லாத ஸ்வெட்டர் போடுகிற மனிதர். கம்ப்யூட்டர் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். நாங்கள் எழுதிய புரோகிராமைக் கொண்டுபோய் நீட்டினால் வாங்க மாட்டார். "ஹாதானே கர்" என்பார். கையால் செய்து காட்டு என்று அர்த்தம். மேஜை டிராயரிலிருந்து எண்கள் எழுதிய அட்டைக் கட்டு ஒன்றை எடுத்துக் குலுக்கி முன்னால் பரப்புவார். எந்த முறையில் வரிசைப்படுத்தப்போவதாகப் புரோகிராம் எழுதியிருக்கிறோமோ, அதே முறையில் அட்டைகளை நகர்த்த வேண்டும். கண்ணுக்குத் தெரிகிறதே என்று நேராகச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தால் கையைத் தட்டிவிடுவார். கம்ப்யூட்டருக்கு ஒரே பார்வையில் எல்லாம் தெரியாது. அதற்கு ஒரு நேரத்தில் இரண்டு அட்டைதான் தெரியும். ஆகவே நமக்கும் இரண்டுதான் தெரிய வேண்டும்.

அது மட்டும் இல்லை. நகர்த்தும்போதே ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் அவரவர் வீட்டில் பேசுகிற பாஷையில். முதல் நாள் நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். விரலைத் தூக்கினார்.

"வீட்டில் அம்மாவிடம் சண்டை போடுகிறாயே, எந்த பாஷையில்?"

"தமிழில், சார்."

"அப்படியென்றால் தமிழில் சொல்."

"உங்களுக்குப் புரியாதே சார்."

"எனக்குப் புரிய வேண்டாம். நீ எங்கே தயங்குகிறாய் என்பது எனக்குத் தெரிந்துவிடும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே அட்டையை நகர்த்துவேன். "இது பெருசு, இங்க வை. இது சின்னது, அதுக்கு முன்னாடி தள்ளு." எங்கேயாவது என் குரல் இழுத்தால், "ம்... வந்து..." என்று ஒரு நொடி தடுமாறினால், விரல் மேலே போகும். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் திரும்பி வந்து பார்த்தால் தப்பு சரியாக அங்கேதான் இருக்கும். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத மனிதர் தமிழில் சொன்ன தப்பைப் பிடிப்பார். மனதுக்குள்ளேயே செய்யும்போது தெரியாததைத் தாண்டிக் குதித்துவிடுவோம், வாயால் சொல்லும்போது குதிக்க முடியாது என்பது அவர் கட்சி.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்தக் குழு என் கைக்கு வந்தது. நானும் அதையே செய்தேன். எங்கள் பகுதியில் யார் நுழைந்தாலும் சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒருவர் மராட்டியில் முணுமுணுப்பார், ஒருவர் கன்னடத்தில் திட்டுவார். புரோகிராம் மட்டும் சுத்தமாக வரும்.

அங்கேதான் தமயந்தி வந்து சேர்ந்தாள். கட்கிக்காரி. எங்களைப் போலவே ஆற்காட்டுப் பூர்வீகம், அவள் தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பேச்சில் மட்டும் தமிழும் இந்தியும் கலந்து கொட்டும். பொறியியல் படித்தவள், கெட்டிக்காரி, தான் கெட்டிக்காரி என்பது தனக்கே தெரிந்தவள். சண்டைக்காரியும்கூட. மீட்டிங்கில் யாராவது சுற்றி வளைத்துப் பேசினால், "விஷயத்துக்கு வாங்களேன்பா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவாள். வாய்விட்டு யோசிக்கிற பழக்கத்தை நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வரும்போதே கொண்டுவந்தாள். தன் பேரைச் சொல்லித் தன்னையே அதட்டிக்கொள்வாள். "ஏய் தமயந்தி, இன்னா அவசரம் உனக்கு? நின்னு பாரு."

ஊருக்கு வெளியே சாகணில் ஒரு கார் தொழிற்சாலைக்கு நாங்கள் செய்த வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயின்ட் அடித்த கார் உடல்கள் வரிசையாக வரும். எந்த நேரத்துக்கு எந்த வண்டி வருகிறது என்று எங்கள் புரோகிராம் வரிசைப்படுத்தித் தரும். அதே வரிசையில் இருக்கைகள் இன்னொரு கொட்டகையிலிருந்து வந்து சேர வேண்டும். ஒரு நாள் வெள்ளை வண்டிக்குக் கறுப்பு இருக்கைக்குப் பதில் பழுப்பு வந்தது. அடுத்த வண்டியின் இருக்கை இதற்கு, இதன் இருக்கை அடுத்த வண்டிக்கு. லைனை நிறுத்திவிட்டார்கள். தொழிற்சாலையில் லைன் நிற்பது என்றால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி. எல்லாரும் ஓடி வந்து யார் காரணம் என்று கத்துவார்கள்.

தமயந்தியும் நானும் போனோம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் வரிசையோடு நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இது பத்து மணி வண்டி, இதுவும் பத்து மணி. ரெண்டுல எது முன்ன வந்துச்சு? அந்த வெள்ளை. அப்ப சார்ட் பண்ணி அடுக்கினப்புறமும் வெள்ளைதான முன்ன நிக்கணும்? ஏன் பின்னால போச்சு?" அங்கேயே நின்றுவிட்டாள். "அக்கா, சமமா இருக்கறதை இது மாத்திப்போடுது!"

விஷயம் அதுதான். ஒரே நேரம் குறித்த இரண்டு வண்டிகள் இருந்தால், எது முதலில் வந்ததோ அதை முன்னாலேயே விட்டுவைக்கும் வரிசைமுறைகள் உண்டு. அதைப் பற்றிக் கவலைப்படாமல் கலைத்துவிடும் முறைகளும் உண்டு. வேகமாக இருக்கும் என்று எங்கள் ஆள் ஒருவர் முதல் வகையை எடுத்துவிட்டு இரண்டாவது வகையைப் போட்டிருந்தார். இன்டர்வியூவில் கேட்டால் இந்த வித்தியாசத்தை எல்லாரும் ஒப்பிப்பார்கள். லைன் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வர வேண்டுமே! அன்று மாலைக்குள் சரிசெய்தோம். அதற்குப் பிறகு சாகண் ஆட்கள் ஏதாவது என்றால் அவளைத்தான் பேர் சொல்லிக் கேட்பார்கள்.

பிறகு எங்கள் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. பேர் சொல்ல விருப்பம் இல்லை. புது நிர்வாகத்தின் தலைவராக நிகில் என்பவர் வந்தார். என்னைவிட ரொம்பச் சின்னவர், நல்ல சட்டை, நல்ல பேச்சு. எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடச் சொன்னார். வந்து கொஞ்ச நாளில் ஒரு அறிவிப்பு: பழைய ஊழியர்கள் எல்லாரும் ஒரு கோடிங் தேர்வு எழுத வேண்டும். தேறாதவர்களுக்கு வேலை நிச்சயமில்லை.

என்ன கேள்விகள் என்கிறீர்கள்? செயலாளர் என்னிடம் கேட்டாரே, அதே கேள்விகள்தான். வேலைக்கு மனுப்போடும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற அதே பட்டியல். வருஷக்கணக்காகத் தொழிற்சாலைகளை ஓட வைத்தவர்கள், தலை நரைத்தவர்கள், கான்டீனில் உட்கார்ந்து லிங்க்டு லிஸ்ட் என்கிற சங்கிலியைத் திருப்பிப்போடுவது எப்படி என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அதைக்கூட விட்டுவிடலாம். கேள்வி கேட்பது அவர்கள் உரிமை.

விட முடியாதது தேர்வு நடந்த விதம். வீட்டில் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும். கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கண் அங்கே இங்கே போனாலும் உதடு அசைந்தாலும் மென்பொருளே சிவப்புக் கொடி போட்டுவிடும். கொடி விழுந்த பதிவுகளை ஒரு கமிட்டி பார்த்துத் தீர்மானிக்கும். நிகில், மனிதவளத் துறைப் பெண் ஒருவர், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர், பழைய ஊழியர்கள் சார்பில் நான். ஓய்வு பெறப்போகிறவள், வம்புக்கு வரமாட்டாள் என்று என்னைப் போட்டிருப்பார்கள்.

ஒரு பிற்பகலில் உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்தோம். முதலில் விக்ரம் என்ற எங்கள் ஆள். அவனும் என் குழுதான். திரையைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டே எழுதுகிறான். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நெற்றியில் அடித்துக்கொண்டு, "கமான் விக்ரம், திங்க்!" என்கிறான். நிகில் சிரித்துவிட்டார். மனிதவளப் பெண்ணும் சிரித்தார். "பாவம், வாய்விட்டு யோசிக்கிறார். நானும் இப்படித்தான்" என்றார் நிகில். கொடியை எடுத்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்தது தமயந்தி.

வரிசையாக அடுக்கிய எண்களை எங்கேயோ வெட்டி, பின்பாதியைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டால், அதில் ஒன்றை எப்படிச் சீக்கிரம் தேடுவது என்பது கேள்வி. அவள் உதடு அசைகிறது. குரல் கேட்கிறது. "நடுவுல கீறது முதல்ல கீறதவிடப் பெருசு. அப்ப எடப்பக்கம் ஒழுங்கா கீது. தேடறது அதுக்குள்ள வருதா? வரல. அப்ப அத விடு. வலப்பக்கம் போ. ஏய் தமயந்தி, அவசரப்படாத, கடைசிய பாத்து எழுது."

எனக்குக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சுத்தமான யோசனை. ஒரு இடத்தில்கூட இழுவை இல்லை. கானிட்கர் சார் இருந்திருந்தால் விரலைத் தூக்கியிருக்கவே மாட்டார்.

திரும்பிப் பார்த்தால் மூன்று பேர் முகமும் மாறியிருந்தது. அந்த மென்பொருள் தமிழைத் தானே இங்கிலீஷில் பெயர்த்துக் கீழே காட்டியிருந்தது. 'அதை விடு. வலது பக்கம் போ. தமயந்தி, அவசரப்படாதே. கடைசியைப் பார்த்து எழுது.'

"யாரோ பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்" என்றார் நிகில். "பேர் சொல்லிக் கூப்பிட்டு உத்தரவு போடுகிறார்கள்."

"அது அவள் குரல்" என்றேன். "தன்னிடமே பேசிக்கொள்கிறாள். உதட்டைப் பாருங்கள், வார்த்தையோடு ஒத்துப்போகிறது."

"வசந்தா, எங்களுக்கு அந்த பாஷை தெரியாது."

"எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன்."

மனிதவளப் பெண் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "நீங்கள் அவருடைய மேலதிகாரி, அதே ஊர்க்காரர், அதே பாஷை. நீங்கள் சாட்சி சொன்னால் பாரபட்சம் என்று ஆகிவிடும்."

நான் விடவில்லை. "அரை மணி முன்னால் விக்ரம் இதையேதான் செய்தான். அவனும் தன்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் இங்கிலீஷ்காரர்கள் இல்லையே, நானும் இல்லை. நம் எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும் என்பதற்காக அவன் யோசிக்கிறான், உங்களுக்குத் தமிழ் தெரியாது என்பதற்காக இவள் பிட் அடிக்கிறாள். இது என்ன நியாயம்?"

நிகில் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். "சரிபார்க்க முடியாததை நாங்கள் எப்படி அனுமதிக்க முடியும்?"

"அப்படியானால் சரிபார்க்க முடியவில்லை என்று எழுதுங்கள். மோசடி என்று எழுதாதீர்கள்."

மோசடி என்றுதான் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. மற்ற மூன்று பேரும் போட்டது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

நான் விக்ரமைத் தேடிப் போனேன். கமிட்டியில் நடந்ததை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதியை நான் மதிக்கவில்லை, இப்போதும் அதில் வருத்தம் இல்லை. "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. நம்ம குழுவுல எல்லாரும் இப்படித்தான்னு சொல்லு" என்று இந்தியில் கெஞ்சினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "மேடம், இப்பத்தான் என் கொடியை எடுத்திருக்காங்க. என்னை இதுல இழுக்காதீங்க" என்றான். நல்ல பையன்தான். தேர்வு பூராவும் பேசினவன், பேச வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

தமயந்திக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். தானே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம், இல்லையென்றால் மோசடி என்று குறிப்பு எழுதி வேலையை விட்டு அனுப்புவார்கள். விஷயம் கேட்டதும் அவள் என் மேஜைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நான் பிட் அடிச்சேன்னு சொல்றாங்களா அக்கா?"

"ஆமா."

"யாரு சொல்லிக் குடுத்தாங்களாம் எனக்கு? என் வூட்டுக்காரரா? அவருக்குக் கால்குலேட்டர் போடவே தெரியாது!" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "என் பொண்ணு ஸ்கூல்ல போன மாசம் ஒரு புள்ள பிட் அடிச்சு மாட்டிக்கிச்சு. வூட்டுல உக்கார வெச்சு எத்தினி புத்தி சொன்னேன் தெரியுமா? இப்ப அவ மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

நான் மறுபடி மேலே போய்ச் சண்டை போட்டேன். நேரில் இன்னொரு தேர்வு வையுங்கள், உங்கள் கண் முன்னால் எழுதட்டும் என்றேன். முதலில் தமயந்தியே ஒத்துக்கொள்ளவில்லை. "திருடலைன்னு சொல்றேன். அப்புறம் எதுக்கு நான் மறுபடி எழுதிக் காட்டணும்? விக்ரம் எழுதிக் காட்டினானா?" அவள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் வேறு வழி தெரியாமல் நான்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

நிகில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. எழுதும்போது பேசக் கூடாது. "எல்லாருக்கும் ஒரே விதி" என்றார். எல்லாருக்கும் என்றால் யாருக்கு? அந்த அறையில் எழுதப்போவது அவள் ஒருத்திதான்.

கண்ணாடிச் சுவர் போட்ட அறை. ஒரு வெள்ளைப் பலகை, மார்க்கர். நிகிலும் மனிதவளப் பெண்ணும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கேள்வி இது: ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்த ஒரு சங்கிலி இருக்கிறது. அது எங்கேயோ பின்னால் திரும்பித் தன்மேலேயே கோத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்று எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடந்து வந்த வளையங்களைக் குறித்து வைத்துக்கொள்ள இடம் கிடையாது.

தமயந்தி மார்க்கரை எடுத்துப் பலகை முன்னால் நின்றாள். வட்டம் ஒன்று போட்டாள், அதிலிருந்து கோடு இழுத்தாள், இன்னொரு வட்டம். உதடு அசைந்தது. "ப்ளீஸ்" என்றார் நிகில். உதட்டை மூடிக்கொண்டாள். மறுபடி ஒரு வட்டம். மறுபடி உதடு தானாக அசைந்தது. இந்தத் தடவை மனிதவளப் பெண் லேசாக இருமினார். தமயந்தி இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையில் மார்க்கரோடு நின்றாள். கண்ணாடிக்கு வெளியே போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு கை நகரவில்லை.

அவளுக்குத் தெரியாத கணக்கா அது? அவள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஆனால் நீங்கள் நடக்கும்போது யாராவது வந்து, நட, ஆனால் முழங்காலை மடக்காதே என்று சொன்னால் என்ன ஆவீர்கள்? அப்படி நின்றாள். நான் எழுந்து, "இதை நிறுத்துங்கள்" என்றேன். "உதவி செய்யாதீர்கள்" என்றார் நிகில். உதவியாம்!

கொஞ்ச நேரம் கழித்துத் தமயந்தி மார்க்கரின் மூடியை எடுத்து மூடினாள். பலகையின் கீழ்ச்சட்டத்தில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள். நிகில் என்னிடம், "நமக்கு விடை கிடைத்துவிட்டது, இல்லையா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஓடினேன். அவள் ஸ்கூட்டியின் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஒவ்வொரு வளையமும் ஒரு வூடுன்னு வெச்சுக்க, ரெண்டு பேரை ஓட விடு அக்கா. ஒருத்தன் ஒவ்வொரு வூடா நடக்கறான். இன்னொருத்தன் ஒவ்வொரு தபாவும் ரெண்டு வூடு தாவறான். சுத்து இருந்துச்சுன்னா தாவறவன் எப்படியும் நடக்கறவனப் புடிச்சிருவான். புடிச்சதும் நிறுத்து. ஒருத்தன மட்டும் மறுபடி மொத வூட்டாண்ட கொண்டாந்து வுடு. இன்னொருத்தன் அங்கயே இருக்கட்டும். இப்ப ரெண்டு பேரும் ஒவ்வொரு வூடாத்தான் நடக்கணும். எங்க முட்டிக்கறாங்களோ அதான் சுத்து ஆரம்பிக்கற எடம். ஏன்னு கேளு."

"ஏன்?" என்றேன்.

ஏன் என்றும் சொன்னாள். முதல் ஆள் நடந்த தூரம், இரண்டாவது ஆள் அதைப்போல இரட்டிப்பு, மீதி இருப்பது சுற்றின் முழு மடங்கு என்று ஸ்கூட்டி சீட்டின்மேல் விரலால் கோடு போட்டுக் காட்டி, ஒரு இழுவை இல்லாமல், ஒரே மூச்சில். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் என்னவோ ஏதோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள்ளே அழுதாள் என்று நினைக்கிறேன். பார்க்க முடியவில்லை.

நான் மறுபடி மேலே ஏறிப் போனேன். நிகில் அறையில் வேறு ஒரு மீட்டிங் ஆரம்பித்திருந்தது. கதவைத் திறந்து, "கீழே வாருங்கள், அவள் சொல்கிறாள், கேளுங்கள்" என்றேன். "வசந்தா, அது முடிந்துவிட்டது" என்றார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டார்கள். என் சத்தம் அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். முதலில் இங்கிலீஷில், அப்புறம் மராட்டியில், கடைசியில் தமிழில். தமிழில் என்ன சொன்னேன் என்பதை ஆண்டு மலரில் போட முடியாது. அவர்கள் மென்பொருள் பெயர்த்துக்கொள்ளட்டும்.

தமயந்தி ராஜினாமா எழுதிக்கொடுத்தாள். நான் எழுதாதே என்றேன். கேஸ் போடலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். அவள், "வேணாம் அக்கா. வூட்டுல தினமும் இதே பேச்சா இருக்குது. பொண்ணு பயப்படுது" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அவள்மேல்கூடக் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. சண்டை போட எனக்குச் சௌகரியமாக இருந்தது. எனக்கு ஓய்வு பெறும் தேதி பக்கத்தில் இருந்தது, என் பேரில் குறிப்பு எதுவும் இல்லை. அவளுக்கு அப்படி இல்லை. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நான் கமிட்டியிலிருந்து விலகினேன். ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். போகவில்லை. சாவியையும் அடையாள அட்டையையும் வரவேற்பு மேஜையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தமயந்திக்குச் சாகணில் அந்தக் கார் தொழிற்சாலையே வேலை கொடுக்க முன்வந்தது. அவள் எப்படி வேலை செய்வாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் காலத்தில் தெரிந்தால் மட்டும் போதாதே, விசாரிக்க வேண்டும். அதற்கென்று ஒரு ஏஜென்சி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். முன்னாள் மேலதிகாரி என்று தமயந்தி என் பேரைக் கொடுத்திருந்தாள். அந்தப் பெண் இந்தியில் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். எவ்வளவு காலம் பழக்கம், நேரத்துக்கு வருவாரா, மற்றவர்களோடு ஒத்துப்போவாரா. ஒத்துப்போவாரா என்பதற்கு, "விஷயத்துக்கு வர்றவங்களோட ஒத்துப்போவாள்" என்றேன். அவள் 'ஆம்' என்று போட்டுக்கொண்டாள்.

"நேர்மை சம்பந்தமாக ஏதாவது பிரச்சினை இருந்ததா, மேடம்?"

நான் ஆரம்பித்தேன். கேமரா, உதடு, விக்ரம், கண்ணாடி அறை, பொத்திய வாய். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பெண் பாவமாகச் சொன்னாள்: "மேடம், இதில் ஆம் அல்லது இல்லை மட்டும்தான் போட முடியும்."

"நேர்மை இல்லாமல் நடந்துகொண்டது அந்தக் கம்பெனி. அதை எங்கே போடுவாய்?"

"அதற்கு இடம் இல்லை, மேடம். ஆமா இல்லையா, எதைப் போட?"

"இல்லை" என்றேன்.

"மன்னிக்கணும், சரியாகக் கேட்கவில்லை. இங்கே ரெக்கார்ட் ஆகிறது. கொஞ்சம் சத்தமாகச் சொல்ல முடியுமா?"

பால்கனிக் கதவு திறந்திருந்தது. எதிர் ஃபிளாட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, என் ஆயுசில் அதுவரை கத்தாத சத்தத்தில், "இல்லை!" என்றேன். இந்தியில் ஒரு தடவை சொன்னேன். மராட்டியில் ஒரு தடவை. அவள் நன்றி சொல்லிப் போனை வைக்கப் போகும்போது, வைக்காதே இரு என்று நிறுத்தி, தமிழிலும் ஒரு தடவை சொன்னேன்.